வெள்ளைப் புகை

பீளமேட்டில் ராத்திரி பதினொன்றரை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு சிலிண்டர் எஞ்சின்.
போன வருசம் வரை சங்ககிரி லாரியொன்றில்
நாசிக் வெங்காயம் இழுத்தது.
இப்போது தரையோடு போல்ட் போட்டு
எங்கேயும் போகாமல் ஓடுகிறது,
இருநூற்றுப் பதினேழு மணி நேரமாய்,
ஹைட்ரஜனைக் குடித்து.

ஆயிரத்து நானூறு சுற்றில் ஒருமுறை
பின்வாங்கி வெடித்துக் காற்றுக்குழாயைக் கிழித்தது.
சுவருக்கு அப்பால் நாய்கள்
விடியும்வரை எங்களை ஏசின.
அதையும் பழக்கிவிட்டோம்:
வாயுவைச் சித்தே தாமதமாக விட்டு,
காற்றை இரட்டிப்பாக்கி.
நைட்ரஜன் ஆக்சைடு முள்
கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

புகைக்குழாயிலிருந்து ஒரு குளிர்சுருள்,
அதனடியில் நீல டிரம்.
கரி இல்லை, நெடி இல்லை. தண்ணீர்.
சேர்ந்த அளவைப் பலகையில் எழுதும்போதெல்லாம்
எனக்கு ஐம்பத்திரண்டு வயது மறந்துபோகும்.

மேட்டூரிலிருந்து வாயு கொண்டுவருகிற மௌலீஸ்
இறக்கிவிட்டு டீக்கு நின்றவன்
கூரைக்கு மேல் பார்த்தான்.
"ஏனுங் மேடம், கேஸ்கெட் போயிருச்சாட்ட இருக்குதுங்க.
வெள்ளையாப் போகுது பாருங்க."

சிரித்தேன்.
கறுப்பென்றால் நாசில், நீலமென்றால் ரிங்,
வெள்ளையென்றால் கேஸ்கெட்.
டீசல்காரர்களின் வாய்ப்பாடு.
இது நீராவி தம்பி, இதன் பிறப்பே அப்படி என்றேன்.
"இருக்கலாமுங்க" என்றான்.
காலி உருளைகள் முதுகில் கடகடக்க
அவன் லாரி கறுப்பாய் இருமிக்கொண்டு
அவிநாசி ரோட்டில் ஏறியது.

உட்கார முடியவில்லை. கணக்குப் போட்டேன்.
ஒரு கிலோ எரிந்தால் ஒன்பது கிலோ தண்ணீர்,
எந்தச் சாமி வந்தாலும் அதற்குமேல் தராது.
அதே வாயு, அதே சுமை.
முந்தாநாளைவிட நேற்று அதிகம்,
நேற்றைவிட இன்று.
எல்லாம் நான் சந்தோஷமாய் எழுதிய தண்ணீர்.

நிறுத்தினேன். ஆறவிட்டு
ரேடியேட்டர் மூடியைத் திருகி
விரலை விட்டேன். நனையவில்லை.
டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு
குழல்விளக்கில் பிடித்தால்
மங்கலாய், கூலண்டின் பச்சை.

மூன்று நாளைக் குறுக்கே அடித்தேன்.
பதிவேட்டில் 'பழுது': கேஸ்கெட்.
'கண்டறிந்தவர்' என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
இரண்டு வருசமாய் வருகிறான்,
முழுப்பெயர் தெரியாது.

வாயு ரசீதுக் கட்டை அவிழ்த்துத் தேடினேன்.
சி. மௌலீஸ்வரன், ஓட்டுநர்.
எழுதினேன்.
சுவருக்கு அப்பால்
நாய்கள் தூங்கியிருந்தன.