காவேரிப்பட்டணம், காலை பத்து மணி

ஆணையில் ஊர்ப்பெயர் தப்பாகத் தட்டச்சாகியிருந்தது,
காவிரிப்பூம்பட்டினம் என்று.
கடல் கொண்ட ஊரில் பிள்ளையை எப்படி ஒப்படைப்பது
என்று என் வக்கீல் சிரித்தார்.
அவர்கள் திருத்த மனு போட்டு வாங்கிவர மூன்று வாரம்.
மூன்று வாரமும் லோகித் என்னிடமே இருந்தான்.
நான் அவசரப்படவில்லை.
இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

இப்போது சரியாக இருக்கிறது:
முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில்
காவேரிப்பட்டணம் பேருந்து நிலையத்தில்
காலை பத்து மணிக்கு
எதிர்மனுதாரர் மைனர் குழந்தையை
மனுதாரர் வசம் ஒப்படைக்க வேண்டியது.
ஞாயிறு மாலை ஐந்துக்கு அதே இடத்தில் திரும்ப.

எதிர்மனுதாரர் என்றால் நான்.
கிருஷ்ணகிரியிலிருந்து வரும் பேருந்தில்
சத்தமில்லாமல் சொல்லிப் பார்ப்பேன்.
அந்த நீளச் சொல்லின் கடைசியில்
தாரம் என்று ஒரு துண்டு
இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாங்கூழ் ஆலையில் இனிப்பு அளப்பது என் வேலை.
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு,
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண் தெரியும்.
பதினாலு. பதினாறு. வாதாட ஒன்றுமில்லை.
அந்தப் பழக்கம்தான் போலும்,
பேருந்து நிலையத்திலும் அளக்கிறேன்.
அவர் வந்து இறங்கும் நேரம், கடிகாரத்தோடு சேர்த்து,
என் செல்போனில் நாற்பத்தோரு படம்.
ஏழு நிமிடம். பன்னிரண்டு. ஒருமுறை ஐம்பது:
காரிமங்கலத்தில் லாரி கவிழ்ந்ததாம்.
மறுநாள் பேப்பரில் தேடினேன்.
கவிழ்ந்துதான் இருந்தது.

ஞாயிறு திரும்புகிறவன் சட்டையில் பட்டுக்கூடு வாசனை.
அங்காடியில் ஏலம் முடிந்த மூட்டைகள்மேல்
தூங்கிப்போனானாம்.
போக இரண்டு தண்ணீர் பிடிக்கும்.
துவைக்குமுன் நான் மோந்து பார்ப்பதற்கு
எந்தப் பத்தியிலும் தடையில்லை.

பையில் ஒரு குறிப்பேடு. அதுவும் ஆணைப்படிதான்.
உடம்பு, சாப்பாடு, பள்ளிக்கூடம்,
வேறு எதுவும் எழுதக்கூடாது.
'சளி. காலை, இரவு சிரப் ஐந்து மில்லி' என் கையெழுத்து.
'கொடுத்தாச்சு' அவர் கையெழுத்து.
அதன் கீழே 'ராத்திரி உன்னைக் கேட்டு அழுதான்'
என்று எழுதி அடித்திருந்தது.
படிக்கிற மாதிரி அடித்திருந்தது.

போன சனிக்கிழமை தாமதம் என் பக்கம்.
ஆலை வாசலில் பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
மேம்பாலம்வரை நின்றன.
இரவு ஷிப்டு முடித்து வீட்டுக்குப் போய்
அவனைக் குளிப்பாட்டிக் கூட்டிவர
பத்து முப்பத்து நாலு.
கடிகாரத்துக்குக் கீழே மாதேஷ்,
கையில் செல்போன், தூக்கிப் பிடித்தபடி.
சரிதான், நானே கற்றுக்கொடுத்த பாடம்.

லோகித் இருவருக்கும் நடுவில் நின்று கையை விரித்தான்.
'பஸ்ஸுல பல்லு வுழுந்துடுச்சு.
எந்த வூட்டு மேல போடறது?'

பதினொரு பத்திகளையும் மனதுக்குள் புரட்டினேன்.
கூரையைப் பற்றி ஒன்றுமில்லை.

'சாணி வேணுமே' என்றார் அவர்.
ஒரு வருஷத்துக்குப் பிறகு
வக்கீல் வழியாக வராத முதல் பேச்சு.
'இங்க சாணிக்கு எங்க போறது' என்றேன்.
இரண்டாவது.

நிப்பட்டு மடித்த எண்ணெய்க் காகிதத்தைக் கிழித்து
பல்லைச் சுற்றி அவனே வீசினான்,
நிலையத்தின் தகரக் கூரைமேல்.
உருண்டு காலடிக்கே வந்தது.
மறுபடி. வந்தது.
மூன்றாம் முறை வரவில்லை.
வந்துவிடுமோ என்று
மூன்று பேரும் அண்ணாந்தே நின்றோம்.
தருமபுரி பேருந்து ஹாரன் அடித்தது.

ஞாயிறு குறிப்பேட்டில்:
'ஈறு ஆறிவிட்டது. முறுக்கு கேட்டான், கொடுக்கலை.'
முப்பத்து நாலு நிமிடத்தைப் பற்றி எதுவும் இல்லை.
திங்கட்கிழமை வக்கீல் கூப்பிடுவார் என்று
போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.
செவ்வாயும் வைத்திருந்தேன்.
இன்று வியாழன்.

நாற்பத்தோரு படமும் அதே போனில்தான் இருக்கின்றன.
இன்னும் அழிக்கவில்லை.