உந்தத்தைச் சேர்த்த பிறகு

கிணத்துக்கடவில் ஆடிக்காற்று இறங்கிவிட்டால்
எங்கள் தெருவுக்கு நார்த்தூளின் நிறம்.
பின்சுவருக்கு அப்பால் பிரஸ் ஓடுகிறது,
இரண்டாம் ஷிப்ட்.
ஐந்து கூடைத் தூளை ஒரு கட்டியாக்கிக்
கப்பலுக்கு அனுப்பும் எந்திரம்.
அது இறங்கும்போதெல்லாம்
என் மேசைமேல் டம்ளர் தண்ணீரில் ஒரு வட்டம்.

நானும் அமுக்குகிற வேலைதான் பார்க்கிறேன்,
கணினியில்.
நிற்கும் தங்கத்தின் அணுக்கருமேல்
ஓடிவரும் தங்கத்தின் அணுக்கரு.
மோதுமிடத்தில் புரோட்டானும் நியூட்ரானும்
வழக்கத்தைவிட இருமடங்கு, இரண்டரை மடங்கு
நெருக்கியடித்து நிற்கும்.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
கண்ணிமைப்பு அதற்கொரு யுகம் என்றாலும்
குறைத்துச் சொன்னதாகிவிடும்.

அந்த நெரிசலில் பொருள் எவ்வளவு முரண்டு பிடிக்கும்?
அடர்த்தியையும் வெப்பத்தையும் அழுத்தத்தையும்
ஒன்றாய்க் கட்டிப்போடும் வரிக்கு
நிலைச் சமன்பாடு என்று பெயர்.
இளகியது என்றார்கள் சிலர்; எண் இருநூறு.
இறுகியது என்றேன் நான்; முந்நூற்று எண்பது.
நாலு கட்டுரை எழுதினேன்.
பீளமேட்டுக் கருத்தரங்கில்
மைக் கரகரக்கச் சொன்னேன்:
பக்கவாட்டில் இவ்வளவு தெறிக்கிறதென்றால்
உள்ளே இருப்பது கல்.

கேயான்கள் அப்போதே வேறு சொல்லிக்கொண்டிருந்தன.
நெரிசலின் நடுவில் பிறந்து
யாரிடமும் சிக்காமல் வெளியேறும் துகள்கள்,
பார்த்ததை மாற்றாத சாட்சிகள்.
பின்னிணைப்பில் ஓர் அடிக்குறிப்பு கொடுத்து
அவற்றை உட்காரவைத்தேன்.

போன மாதம் கௌசிகா வந்தாள்,
பெருந்துறைக்காரி, சேர்ந்து ஏழு வாரம்.
நிரலின் எண்ணூற்றுப் பதினாறாம் வரியில் விரலை வைத்து
"மேடம், இங்கே சுழி இருக்கு" என்றாள்.
உந்தம் சார்ந்த விசை.
வேகமாய்க் கடக்கும் இரண்டு துகள்கள்
ஒன்றையொன்று கூடுதலாய் விலக்கும்
அந்தச் சிறு பகுதி.
நான் போட்ட சுழிதான்.
மின்வெட்டு வருடம் அது.
ஆறு மணி நேரம் கரண்ட், ஜெனரேட்டர் கிடையாது,
கணக்கு பாதியில் சாகாமலிருக்க
எதையாவது கழிக்க வேண்டியிருந்தது.
அப்புறம் மறந்துபோனேன்.
மறந்தேன் என்பதும் முழு உண்மை இல்லை.

சுழியை எடுத்துவிட்டு ஓட்டினோம். மூன்று இரவு.
இருநூறே போதுமாயிருந்தது.
அதே தெறிப்பு, அதே கோணம்.
இத்தனை வருடம் நான் இறுக்கம் என்று படித்தது
வேகத்தை.

அன்றைக்கு இருப்புக் கொள்ளாமல்
சுவருக்கு மேலே எட்டி
பிரஸ் திருமூர்த்தியைக் கேட்டேன்:
வெடுக்கென்று இறக்கினால்
தூள் இன்னும் முரண்டு பிடிக்குமா?
"வேகத்துல ஒண்ணுமில்லீங்க.
ஈரம் பதினெட்டைத் தாண்டுனா
கட்டி நிக்காதுங்க, அவ்வளவுதானுங்" என்றார்,
லோடு எண்ணிக்கொண்டே.
என் துயரத்துக்கு அவருடைய தூள்
உவமையாக மறுத்துவிட்டது.

இப்போது திருத்தக் குறிப்பு எழுதுகிறேன்.
முதல் வாக்கியம் மட்டும் வந்திருக்கிறது:
"எங்கள் முந்தைய முடிவு…"
எங்கள் என்பதை அடித்து
என் என்று மாற்றினேன்.
அடிக்குறிப்பிலிருந்த கேயான்களை
மேலே கொண்டுவந்தேன்.

பின்னால் பிரஸ் இறங்குகிறது.
தண்ணீரில் வட்டம்.