உப்பில்லாத நாற்பது ரொட்டி

ராயக்கோட்டை மேம்பாலத்தில்
பெங்களூர் லாரிகள் கியர் மாற்றும் சத்தம்.
விடியற்காலை மூன்று மணி.
புழுக்கம் தாங்காமல் ஷட்டரைப் பாதி தூக்கினால்
சென்றாயன் நிற்கிறான்.

பேரிலேயே "சென்றாய்" என்று இருக்கிற ஆளைக் கட்டிக்கொண்டு
போய்விட்டானே என்று அழுதது
என் தப்புதான்.
ஒரு வருஷம் நாலு மாசம்.
கையில் ஓசூர் துணிக்கடைப் பை.
"பழையபடியே இருந்துக்கலாம், தொளசி."

நான் பதில் சொல்லவில்லை.
மிஷினில் மைதா கொட்டினேன்,
ஈஸ்ட், சர்க்கரை, தண்ணீர்.
உப்பில்லாத மாவு அவசரமாய்ப் பொங்கும்.
பொங்கியது.
எனக்குத்தான் உறைக்கவில்லை.

அவன் காலி மூட்டையை விரித்து
வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

போன மே மாசம் இரண்டு நாள் கரண்ட் இல்லை.
வனஸ்பதி டின்னோடு எண்ணெயாகி
பிறகு தானாய் உறைந்தது.
வெள்ளை அதே வெள்ளைதான்.
கரண்டி விட்டால் மணல்மணலாய்.
அன்றைக்கு பஃப்ஸ் ஏடு பிரியவே இல்லை.
கேக் மேல் ஊற்றும் சாக்லேட்டும் அப்படித்தான்,
உருகி, இறுகி, திட்டுத்திட்டாய் வெளுத்து.
பூசணம் என்று
பிறந்தநாள் வீட்டுக்காரர் திருப்பி அனுப்பினார்.
பூசணம் இல்லை சார் என்றேன்.
போய்ட்டு வந்திருக்கு, அவ்வளவுதான்.

நாற்பது ரொட்டியும் அடுப்பைவிட்டு வந்து
ஒன்றைப் பிய்த்து வாயில் வைத்தபோது
நாக்கு சொன்னது.

மாவாக இருந்திருந்தால்
உப்பைத் தூவி இன்னொரு தரம் பிசைந்திருப்பேன்.
மாவு எத்தனை குத்தும் வாங்கிக்கொண்டு
திரும்ப எழும்.
இரண்டு தரம், மூன்று தரம்.
அதற்கு மேல் அதுவும் களைத்து
புளித்த வாடை அடிக்கும்.
ரொட்டி அப்படியில்லை.
மேலே தூவினால் உப்பு தனி, ரொட்டி தனி.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறார்கள்.
இடாதவரை
முனாவர் பாய் மாசக் கடைசி வரைக்கும் நினைப்பார்,
சம்பளத்தில் பிடித்துக்கொண்டு.

கத்தியை எடுத்தேன்.
ஆறவிடக்கூட பொறுமையில்லாமல்
விரல்மொத்தத்துக்குத் துண்டு போட்டேன்.
முதல் ரெண்டு ரொட்டி நசுங்கிப் போனது.
பாகு தடவி, சோம்பைப் பொடித்துத் தூவி
தணலில் விட்டேன்.
ஈரம் முழுக்கப் போகிற வரை
ரஸ்க்கை அவசரப்படுத்த முடியாது.

அவன் தூங்கியிருந்தான்.
வாயைத் திறந்துகொண்டு.
அது மட்டும் பழையபடியே.

ஆறு மணிக்கு எதிர்க்கடை டீ வந்தது.
ரஸ்க் இரண்டு வைத்தேன்.
கடித்தான். படபடவென்று உடைந்தது.
மிச்சத்தை டீயில் முக்கி எடுத்துப் பார்த்தான்.
"ரொட்டி மாதிரியே ஆயிடுச்சு பாரு."

"மாதிரிதான்."

இரண்டாவது துண்டு
கொஞ்சம் அதிகநேரம் ஊறி
கிளாஸுக்குள் விழுந்தது.
ஸ்பூன் கேட்டான்.

கொடுத்தேன்.