எண்ணிக் கொடுக்கும் பெட்டி

மூக்கால் இழுங்க ஆன்ட்டி, வாயால் இல்லை
என்றான் ம்தோகோசிசி,
சிலிண்டரின் கழுத்தில்
சோப்புக்கட்டி அளவு ஒரு பெட்டியைத் திருகிக்கொண்டே.
நீங்கள் இழுத்தால் திறக்கும்.
விட்டால் மூடிக்கொள்ளும்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று
இதற்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

டக்.
ஒரு மிடறு.
டக்.
வெளியே விடும் மூச்சுக்குச் சல்லிக்காசும் கிடையாது.

திறந்தே விட்டால் மூன்று மணி நேரத்தில் தீர்வது
இப்படி எண்ணிக் கொடுத்தால் விடியும்வரை வருமாம்.
ஜேக்கப்ஸ் ஆலையில் இருபத்தெட்டு வருஷம்
சட்டைக்காலர் தைத்தவள் நான்.
மீந்த நூலைக்கூட நிறுத்துப் பார்த்த முதலாளி.
பெட்டியின் குணம் எனக்குப் புரிகிறது.

பஞ்சுத்தூசி என்று எழுதினார் டாக்டர்.
அப்போ இந்தப் புகை? என்று
எதிர்வீட்டுக் கோகி கேட்டதை அவர் எழுதவில்லை.

பிரிட்டோரியாவிலிருந்து வனிஷா பேசும்போது
பின்னால என்னம்மா, பல்லி சொல்லுதா என்கிறாள்.
நல்ல சொல்தான், நீ பேசு என்கிறேன்.

நாற்பது வருஷமாய் என் சண்டைக்கு நடுவே
தனபாலனுக்கு இடைவெளி கிடைத்ததில்லை.
இப்போது பாதி வாக்கியத்தில் வாயை மூடி
மூக்கால் இழுக்க வேண்டியிருக்கிறது.
டக் என்றதும் அவர் முறை.
போன வாரம் அப்படி ஒரு டக்கில்
மகள் கல்யாணத்துக்கு எனக்குத் தெரியாமல் வாங்கிய
கடனை ஒத்துக்கொண்டார்.
பதிலுக்கு மூச்சு சேர்வதற்குள்
மீன் வாங்கக் கிளம்பிவிட்டார்.

இன்றிரவு லோட் ஷெடிங்.
சுவரோரத்துப் பெரிய மெஷின் ஒருமுறை அலறிவிட்டு அணைந்தது.
மெரிபேங்க் முழுக்க இருட்டு.
அவர் சிலிண்டரைத் தடவித் திறந்து, குழாயை என் மூக்கில் மாட்டி,
நாற்காலியிலேயே தூங்கிப்போனார், வாயைத் திறந்தபடி.

நான் தூங்கக் கூடாது.
தூங்கினால் மூச்சு மெலியும்.
மெலிந்த மூச்சு பெட்டியின் காதில் விழாமல் போகலாம்.
அதனால் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.
கேட்பது என்றால் தமிழில் இரண்டு வேலை.
இரண்டையும் செய்கிறேன்.

வேலிக்கு அப்பால்
எண்ணெய் ஆலையின் உச்சியில் தீ மட்டும் எரிகிறது.
அதற்கு யார் மூக்கும் வேண்டாம்.
நான் இந்த வீட்டுக்கு வந்த நாளாய்
யாரும் எண்ணிப் பார்க்காத குழாய்.

அந்த வெளிச்சத்தில்தான்
சிலிண்டரின் முள் தெரிகிறது.
பாதிக்குக் கொஞ்சம் கீழே.

டக்.