ஒப்புகைச் சீட்டு

தேர்தல் தேதி சொன்ன மூன்றாம் நாள்
மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழலைக்
கோணியில் சுற்றி
மடியில் கிடத்திக்கொண்டு
அஞ்செட்டி பஸ்ஸில் உட்கார்ந்தேன்.
கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போடவில்லை.

ஸ்டேஷனில் எனக்கு முன்னால் பதினொரு பேர்.
உரிகம் சென்னீரப்பா,
அவன் பங்காளி சிக்கமாதன்,
பெயர் தெரியாத மற்றவர்கள்.
ஆளுக்கொரு கோணி மூட்டை,
இழவு வீட்டுக்கு வந்தவர்கள் போல
யாரும் பேசவில்லை.

ரைட்டர் உரக்கப் படித்தார்:
"கெம்பம்மா, கணவர் லகுமய்யா, காலம்சென்றவர்.
காரணம், பயிர்ப் பாதுகாப்பு."

லைசென்ஸ் என் பேருக்கு மாறிய வருஷம்
கிருஷ்ணகிரியில் மனு எழுதிய ஆள் சொன்னான்,
"பன்றின்னு எழுதும்மா.
மனுஷன்னு எழுதினா
எந்த மனுஷன்னு கேப்பாங்க."
பன்றி என்றே எழுதினோம்.

துப்பாக்கி உள்ளே போனது.
சீட்டு வெளியே வந்தது.

சீட்டு வந்த எட்டாம் இரவு
போர் மோட்டார் பக்கம் வெட்டும் சத்தம்.
டார்ச் அடித்தேன்.
மூன்று பேர்,
செம்புக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்,
அவசரமே இல்லாமல்.
ஒருவன் வெளிச்சத்தைப் பார்த்தே சொன்னான்:
"அது ஸ்டேஷன்ல தூங்குதில்ல,
நீயும் போய்த் தூங்கு."

நூறுக்கு அடித்தேன்.
வண்டி பறக்கும் படையோடு போயிருக்கிறதாம்,
காலையில் வரச் சொன்னார்கள்.
தாழ்ப்பாளுக்குக் குறுக்கே உலக்கையைக் கொடுத்து
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
இடுப்பில் சீட்டு,
வேர்வையில் நமுத்துப்போனது.

காலையில் ஸ்டேஷன் வாசலில்
பாரா நின்ற பையன்
நீளத் துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு கேட்டான்,
"கையில இருந்திருந்தா சுட்டிருப்பியாம்மா?"

என்ன சொல்ல?
அவர் இருந்தவரை ஆகாசத்தைப் பார்த்துத்தான் சுட்டார்.
நான் அதுவும் இல்லை.
பன்றிகள் எங்கள் வீட்டுத் துப்பாக்கியை
ஒரு வகைப் பட்டாசு என்றே நினைத்திருக்கும்.

"நீ சுடுவியா?" என்றேன்.

இரண்டு பக்கமும் பார்த்தான்.
"நான் சுட்டா ஆர்.டி.ஓ. வந்து
ஏன் சுட்டேன்னு கேப்பாரு.
நீ சுட்டா நாங்க வந்து
யார் சுட்டதுன்னு கேப்போம்."
கொஞ்சம் பொறுத்து,
"குண்டு எண்ணித்தாம்மா குடுப்பாங்க.
ஒண்ணு குறைஞ்சா என் வேலை போயிடும்."

என்னிடமும் ஏன் என்று கேட்டால்
சொல்லத் தெரியும் எனக்கு.
உலக்கை என்பேன், தாழ்ப்பாள் என்பேன்,
பக்கத்து வீடு முக்கால் மைல் என்பேன்.
அவனிடம் இதைச் சொல்லவில்லை.
டீக்கடை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

வோட்டு எண்ணி முடித்து
ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.
யார் ஜெயித்தது என்று
வரிசையில் ஒருவரும் பேசவில்லை.
"நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்"
என்ற வரிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார் ரைட்டர்.
கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால்
குழல் வாயில்
குளவி மண் அப்பி வைத்திருக்கிறது,
சுண்டுவிரல் நகம்கூட நுழையாதபடி.
தெரியாமல் மருந்து கெட்டித்து வைத்திருந்தால்
என் முகம்தான் போயிருக்கும்.

இன்னும் குத்தி எடுக்கவில்லை.
வாசலில் நிற்பவர் கண்ணில் படும்படி
ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
புதுக் கம்பிக்கு ஒன்பதாயிரம் கடன்.