மேல்வரம்பு

சித்திரை மூன்றாம் வாரம்.
பாலக்காட்டுக் கணவாய் மூச்சடக்கும்
இரண்டு மணி நேரத்தை நம்பி
மூலனூர்த் தரிசில் பலூனைக் கிடத்தியிருந்தோம்.
ஹைட்ரஜன் ஏற ஏற
ஒரு நுனி மட்டும் எழுந்து தள்ளாடியது,
தூக்கம் கலையாத ஆள் மாதிரி.

பெட்டிக்குள் நான் பற்றவைத்த இணைப்புகள்
நூற்றுப்பன்னிரண்டு.
மேலே போன பிறகுதான் சந்தேகம் வந்தது,
எழுபத்தொன்றாவதை இழுத்துப் பார்த்தேனா?

நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது.
எந்தக் காந்தமும் அதை வளைக்காது,
சூரியனில் கிளம்பினால் நேரே வரும்.
ஆனால் ஆயுள், சராசரியாகக் கால் மணி நேரம்.
ஒளிக்கே எட்டு நிமிடமாகும் வழியில்
மெல்ல வருவது பாதியில் உடைந்து
புரோட்டானாக, எலக்ட்ரானாக, வேறு யாராகவோ ஆகிவிடும்.
தப்பி வருவதைக் காற்று விடாது.
அதனால்தான் முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

கருணாம்பிகை மேடம் இரவுக்கணக்கை எழுதினார்.
விடிந்ததும் பகல்கணக்கு.
ஒன்பதே காலுக்குக் கொடைக்கானலிலிருந்து போன்:
சின்னதாக ஒரு வெடிப்பு.
அரை மணி நேரம் யாரும் டீ குடிக்கவில்லை.
பகலிலிருந்து இரவைக் கழித்தார்.
பென்சிலைச் சீவிவிட்டு
மறுபடி கழித்தார்.

பெட்டி இறங்கியது வெள்ளகோவிலுக்குத் தெற்கே,
கொழுக்கட்டைப்புல் காட்டில்.
கிளுவை வேலியில் பாராசூட்.
தொரட்டியோடு நின்றிருந்தார் பழனாத்தாள்.
"ஏனுங், வெடிகிடி இல்லீங்களே?"
இல்லை என்றோம்.
"அப்பறம் என்னத்தத் தேடிப் போச்சுங்?"
தெரிந்த மட்டும் சொன்னேன்.
"கெடச்சுதுங்ளா?"

"கிடைச்சதுன்னு சொல்ல முடியாதுங்க,"
என்றார் மேடம்.
"இந்த அளவுக்கு மேல வரலைன்னு சொல்லலாம்."
நான்கு வருட வேலை.
நான் ஆட்டுப் புழுக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பழனாத்தாள் சிரிக்கவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் தொரட்டியை நீட்டினார்:
துருப்பிடித்த குழாய், வாயில் ஒரு கல்.
"திருச்செங்கோட்டு வண்டி போட்டதுங்.
அறுநூறு அடி. வெறும் பொகை.
அறுநூறு மட்டும் இல்லைன்னு
இந்தப் பக்கத்துல எனக்குத்தானுங் தெரியும்.
மூணு பவுனு குடுத்துத் தெரிஞ்சுக்கிட்டது."

மேடம் அந்தக் கல்லை நகர்த்தி
குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்,
வெகுநேரம்.

தட்டுப்போர் மூடப் பாலித்தீனைக் கேட்டார்,
கொடுத்துவிட்டு வந்தோம்.
அன்றிரவே பெட்டியைத் திறந்து
ஒவ்வொரு இணைப்பாக இழுத்தேன்.
எழுபத்தொன்றும் பிடித்தபடியே இருந்தது.
அப்படியென்றால்
இல்லைதான்.