இருபத்தேழில் உதைத்தது யார்?

உப்புவெளிக் கடலில், முழங்கால் ஆழத்தில்,
நானும் நிதுர்சனாவும் மூக்கைப் பொத்தி
முகத்தைத் தண்ணீருக்குள் விட்டோம்.
கரையில் அவளின் சித்தி, எங்கள் மேலேயே கண்.
அஸ்மீர்தான் நடுவர். சத்தமாய் எண்ணினான்.

பதினெட்டில் நெஞ்சு முறுகியது.
இருபத்து மூன்றில் உள்ளே யாரோ கதவைத் தட்டினார்கள்.
இருபத்தேழில் தட்டவில்லை, உதைத்தார்கள்!
"ப்பூஃ" என்று எழும்பினேன்.
அவளோ நாற்பத்தொன்று மட்டும் இருந்தாள்.

உதைத்தது யார்?
பொறு, சொல்கிறேன்.

நெஞ்சுக்குள் இரண்டு சுவாசப்பைகள்.
இடப்பக்கத்தது கொஞ்சம் சின்னது,
இதயத்துக்கு ஒதுங்கி இடம் விட்டது.
இழுத்த காற்று குழாயில் இறங்கும்,
குழாய் கிளைக்கும், கிளையும் கிளைக்கும்,
நுனிக்கு நுனி குட்டிக் குட்டிச் சிற்றறைகள்,
சவர்க்கார நுரை மாதிரி.
எத்தனை என்று கேளாதே.
திருகோணமலை முழுக்க வந்து குந்தி எண்ணினாலும்
பொழுது பட்டுவிடும்.

ஒவ்வோர் அறையையும் சுற்றிக் குருதி ஓடும்.
நடுவில் ஒரு சுவர்.
சுவரா அது!
வெங்காயத் தோல் அதற்குப் பக்கத்தில் மெத்தை.

மூதூர் லோஞ்ச் துறைக்கு வந்தால்
இறங்குகிறவர் இறங்க, ஏறுகிறவர் ஏற,
பலகையில் ஒரே இடிபாடு.
இங்கே பலகையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.
அறைக்குள் ஒட்சிசன் நிறைய, குருதியில் குறைய.
அதனால் அது சுவரூடாக அந்தப் பக்கம் போகும்.
குருதியில் காபனீரொட்சைட்டு நிறைய, அறைக்குள் குறைய.
அதனால் அது இந்தப் பக்கம் வரும்.
நெருக்கடியில் இருந்து இடமுள்ள பக்கம்.
யாரும் தள்ளவில்லை, யாரும் கூப்பிடவில்லை.

ஒட்சிசன் ஏறியதும்
கருஞ்சிவப்புக் குருதி பளிச்சென்று சிவக்கும்.
கால் விரலுக்கு ஓடும், காது மடலுக்கு ஓடும்,
எண்ணிக்கொண்டிருக்கும் மூளைக்கும் ஓடும்.
திரும்பும்போது வெறுங்கையோடு வராது,
காபனீரொட்சைட்டைக் கூட்டிக்கொண்டு வரும்.

நான் மூச்சை அடக்கினேனா,
வந்தது வெளியே போக வழியில்லை.
பின்னால் வந்தது, அதற்கும் பின்னால் வந்தது,
எல்லாம் உள்ளேயே நெருங்கி நின்றன.
மூளை பதறியது:
"எழும்படா யதுசன்! ஊது!"
உதைத்தது அதுதான்.
காற்று முடிந்துபோய் இல்லை,
போகவேண்டியது போகாததால்.

இதை நிதுர்சனாவுக்குச் சொன்னேன்.
"அப்ப உன்ர மூளை அவசரக்காரன்" என்றாள்.

பின்னேரம் கோணேசர் மலை உச்சியில் நின்றோம்.
தூரத்தில் கடல் "ப்பூஃ" என்று வெள்ளையாய் ஊதியது.
திமிங்கிலம்!
மீன் இல்லை அது. அதற்கும் சுவாசப்பை.
அதையும் உள்ளே யாரோ உதைத்திருக்கவேண்டும்.
வால் ஒருதரம் உயர்ந்தது, முங்கியது.

அஸ்மீர் எண்ணத் தொடங்கினான்.
நாற்பத்தொன்றைத் தாண்டினான்.
நிதுர்சனா வாயே திறக்கவில்லை.
நானூற்றுப் பன்னிரண்டு,
நானூற்றுப் பதின்மூன்று...